பத்து மார்க் கப்பல்

பழைய வண்டியை ரிப்பேர் செய்து ஓட்டுவது லாபமா, புதிதாக வாங்குவது லாபமா?

ஜெர்மன் கடற்படையைக் கேளுங்கள். பயிற்சிப் பாய்மரக் கப்பலான 'கோர்ச் ஃபோக்'கைப் பழுதுபார்க்க முதலில் போட்ட மதிப்பீடு சுமார் 1 கோடி யூரோ. 2021-இல் கப்பல் திரும்பி வந்தபோது பில் 13.5 கோடி! ஒரு காலத்தில் அந்நாட்டு 10 மார்க் நோட்டில் அச்சான கப்பல்தான். அச்சடித்த கடனை வசூலித்துக்கொண்டதோ என்னவோ!

இவ்வளவு செலவழித்தும், பலத்த காற்றடித்தால் கவிழ்ந்துவிடாதா?

கவிழ்ந்த பிறகுதானே இந்த வடிவமே பிறந்தது! 1932-இல் 'நியோபே' என்ற பயிற்சிக் கப்பல் பால்டிக் கடலில் திடீர்ச் சூறைக்காற்றில் கவிழ்ந்து 69 பேர் இறந்தார்கள். மறு ஆண்டே வந்த முதல் கோர்ச் ஃபோக்கில் அடிப்பாரத்தைத் தாராளமாக ஏற்றினார்கள். ஏறக்குறையப் படுத்தாலும் எழுந்துகொள்ளும். இப்போது ஓடுவது 1958-இல் அதே வரைபடத்தைத் திருத்திக் கட்டியது.

முதல் கப்பல் என்ன ஆயிற்று?

1945-இல் ஜெர்மானியர்களே மூழ்கடித்தார்கள். சோவியத் யூனியன் தூக்கி எடுத்துத் 'தோழர்' ஆக்கிவிட்டது. கிண்டல் இல்லை, சூட்டிய பெயரே 'தோவாரிஷ்'தான். பின்னர் ஜெர்மனிக்கே திரும்பி, 2003-இல் பழைய பெயரையும் மீட்டுக்கொண்டது.