இலையுதிர்கால மகிழ்ச்சி: செயல்முறை விளக்கம்

அமெரிக்காவில் இலையுதிர்காலம் செப்டம்பர் 22 அல்லது 23 அன்று தொடங்குகிறது என்பது வானியல் கணக்கு. கைக்குழந்தை நடக்கத் தொடங்கிய வீடுகளில் அது ஆகஸ்டிலேயே, பூசணி நிறக் கம்பளிச் சட்டை வாங்கும் அன்றே, தொடங்கிவிடுகிறது. வெயில் 30 டிகிரி அடித்தாலும் சட்டையைக் கழற்றக் கூடாது. பருவம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

அடுத்தது பூசணித் தோட்டம். நாட்டிலேயே அதிகம் பூசணி விளையும் இல்லினாய் மாநிலத்தில் பெரும்பகுதி டப்பாவில் அடைக்கவே போய்விடுகிறது. மற்றவை குழந்தைகளை மேலே உட்கார வைக்கப் பயன்படுகின்றன. கட்டணம் கட்டினால் டிராக்டர் சவாரி, சோளக்கொல்லைப் புதிர்வழி எல்லாம் உண்டு. குழந்தையோ வண்டி நிறுத்துமிடத்துச் சரளைக்கல்லை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, எச்சில் தடவி, அப்பாவின் பையில் போட்டுக் கெக்கலித்துக்கொண்டிருக்கும். இதை மகிழ்ச்சி என்று மயங்கிவிடக் கூடாது. பின்னணியில் பூசணி இல்லை. ஆகவே கல்லைப் பிடுங்கி, அழுகை அடங்கும்வரை அம்மா கிலுகிலுப்பை ஆட்ட, அப்பா மண்டியிட்டு நாற்பது படம் எடுப்பார். பச்சையம் சிதைந்து மேப்பிள் இலை நிறம் மாற வாரக்கணக்கில் ஆகும். படத்தில் அதை மாற்றக் கைபேசிச் செயலிக்கு ஒரு நொடி போதும்.

திரும்பும் வழியில் வீறிடும் குழந்தைக்கு அந்தப் படங்களையே காட்டுவது மரபு. முப்பத்தொன்பதையும் அது தள்ளிவிடும். கை தவறி எடுபட்ட ஒன்றைப் பார்த்து மட்டும் துள்ளும்: வெறும் சரளைக்கல். கைபேசியில் இடம் போதாததால் அன்றிரவு முதலில் அழிக்கப்படுவது அதுதான்.