பைனான்ஸு படிக்கப் போற பேராண்டிக்கு

வா கண்ணு, வந்து இப்பிடி ஒக்காரு. கையில என்ன அத்தன நோட்டீசு, எலெக்சனா? ஓ, காலேசு நோட்டீசா! எல்லாத்துலயும் கோட்டு போட்ட புள்ளைக பல்லுத் தெரியச் சிரிக்குதுக. படிச்சு முடிச்ச சிரிப்பா, பீசு கட்டறதுக்கு முந்தி புடிச்ச போட்டோவான்னுதான் எனக்கு வெளங்கல.

பி.காம். முடிச்சுப்போட்டே, நெம்பச் சந்தோசம். மேல பைனான்ஸு படிக்கோணுங்கறே, அதுவும் சந்தோசம். ஏஞ்சாமின்னு கேட்டா “ஸ்கோப் இருக்குதுங் அப்பாரு”ங்கறே. என்ன வேலைக்குப் போவேன்னு கேட்டா “நல்ல பேக்கேஜ்”ங்கறே. நான் சோலியக் கேட்டா நீயி கூலியச் சொல்றே. காத்தால ஒம்போது மணிக்குப் போயி ஒக்காந்து பொழுதோட வரைக்கும் அங்க என்ன பண்ணுவேன்னு கேட்டா மோட்டுவளையப் பாக்கறே. அது தெரியாம எந்தப் படிப்பு ஒசத்தின்னா நான் எதச் சொல்ல? பீசு எச்சா இருக்கறது ஒசத்தின்னு சொல்லிப்போடட்டுமா? உங்கய்யனுக்கு அதுதான் புடிக்கும். டீக்கடையில சொல்லிக்கலாமல்ல.

ஒரு கூத்துச் சொல்றேன் கேளு. 2018 கடைசியிலருந்து 2024 கடைசி வரைக்கும் ரிசர்வ் வங்கி கவர்னரா இருந்த சக்திகாந்த தாஸ் எம்.ஏ. படிச்சது வரலாறு. லாரிக்காரங்களுக்குக் கடன் கொடுத்து ஸ்ரீராம் குழுமத்த வளத்துன ஆர். தியாகராஜன் படிச்சது கணக்கும் புள்ளியியலும். ரகுராம் ராஜன் மொதல்ல படிச்சது டெல்லி ஐ.ஐ.டி.யில எலக்ட்ரிக்கல் எஞ்சினீயரிங். ஒடனே “அப்ப நானும் வரலாறே படிக்கறேன்”னு கெளம்பிராத. தாஸ் அதுக்கு மேல ஐ.ஏ.எஸ். தேறுனவரு. ராஜன் அகமதாபாத் ஐ.ஐ.எம்.முக்கும் போயி, எம்.ஐ.டி.யில முனைவர் பட்டமும் வாங்குனவரு. ஆளாளுக்கு வழி வேற வேற. நீயி போவோணும்னு நெனைக்கற நாற்காலியில இன்னிக்கு ஒக்காந்திருக்கறவன் எந்த வழியா வந்தான்னு விசாரிச்சயா? பத்துக் காலேசு வாசல்ல ஏறி எறங்குனவன், அப்பிடியொரு ஆளு ஒருத்தனையாச்சும் பாத்துப் பேசியிருக்கலாமே!

சரி, நானே கேக்கறேன். பேங்க்குல ஆபீசராகோணும்னு ஆசையா? ஐ.பி.பி.எஸ். பி.ஓ. பரீட்சைக்கு ஏதோ ஒரு டிகிரி போதும். பொதுப்பிரிவுக்கு வயசு 20லருந்து 30க்குள்ள. அந்த டிகிரி உன்ற பீரோவுலயே தூங்குது. ரிசர்வ் வங்கியில கிரேடு ‘பி’ ஆபீசருக்கும் டிகிரியில 60 சதவீதம் இருந்தா எழுதலாம். ரெண்டாங்கட்டத்துல நிதியும் மேலாண்மையும்னு ஒரு பேப்பர் வரும், வாஸ்தவந்தான். அந்த ஒரு பேப்பருக்காவ ரெண்டு வருசம் எம்.பி.ஏ. படிக்கறேன்னா படி, ஆனா வயசு உனக்காவ நிக்காது.

வாத்தியாராகோணுமா? எம்.காம்.னு சொன்னாலே இப்பத்த பசங்க மூஞ்சியச் சுளிக்கறீங்க. அரசாங்க ஆர்ட்ஸ் காலேசுல பீசு கம்மி, அதனால மதிப்பும் கம்மின்னு நெனப்பு. காலேசுல வணிகவியல் நடத்தறதுக்கு எம்.காம். முடிச்சு நெட்டோ செட்டோ ஒரு தகுதிப் பரீட்சை தேறோணும். பிளஸ் டூ புள்ளைகளுக்கு நடத்தறதுக்கு எம்.காம்.கூட பி.எட். வேணும். அங்க போயி இருவது லட்ச ரூவா எம்.பி.ஏ. சர்ட்டிபிகேட்ட நீட்டிப் பாரு, தண்ணி கொடுத்து அனுப்பி வெப்பாங்க.

ஆடிட்டரா, கம்பெனிக் கணக்கா? உன்ற கட்டுல சி.ஏ. நோட்டீசே காணமே! எப்பிடி இருக்கும்? அதுக்குக் கலர் நோட்டீசு அடிச்சு வாசல்ல நிக்கறவன் ஆரு? பி.காம்.ல 55 சதவீதம் இருந்தா பவுண்டேசன் எழுதாம நேரா இண்டர்மீடியட்டுக்கே போயிரலாம். ஆடிட்டருகிட்ட சோலி பழகற ஆர்ட்டிக்கிள்ஷிப் முன்ன மூணு வருசம், இப்ப ரெண்டு வருசம். சி.ஏ.வ முதுகலைப் பட்டத்துக்குச் சமமா எடுத்துக்கலாம்னு யு.ஜி.சி. 2021லயே சொல்லிப்போட்டுது. செலவு கம்மி, ஆனா தேறறது கஷ்டம். எத்தனையோ கெட்டிக்காரப் பசங்க பைனல்ல நாலு வாட்டி, அஞ்சு வாட்டி மோதிக்கிட்டுக் கெடக்கறாங்க. எம்.பி.ஏ.வுல நொழையறதுக்குள்ளதான் சிரமம்; சி.ஏ.வுல வெளிய வாறதுதான் சிரமம். உன்ற ஒடம்பு எதத் தாங்கும்னு உனக்குத்தான் தெரியும்.

பங்குச் சந்தை, கம்பெனிகள எடை போடற ஆராய்ச்சின்னு மனசு ஓடுதா? அந்தச் சோலி எச்சா இருக்கறது மும்பையில. சந்தையக் கண்காணிக்கற செபி 2006ல ஆரம்பிச்ச என்.ஐ.எஸ்.எம்.னு ஒண்ணு மும்பைக்கு அக்கட்ட பாதாளகங்காவுல இருக்குது; பத்திரச் சந்தைக்குன்னே பாடம் நடத்தறாங்க. சி.எப்.ஏ.ன்னு அமெரிக்காக்காரன் பரீட்சை ஒண்ணும் இருக்குது. மூணு கட்டம், டாலர்ல பணம், அதுக்கு மேல 4,000 மணி நேரம் வேலை பாத்த அனுபவம் காட்டோணும். பரீட்சை மட்டும் எழுதிப்போட்டுப் பேருக்குப் பின்னால மூணு எழுத்துப் போட்டுக்க முடியாது. பொருளாதாரமும் கணக்கும் கலந்து வேணும்னா மெட்ராஸ் ஸ்கூல் ஆப் எகனாமிக்ஸ்ல நிதிப் பொருளாதாரம் இருக்குது. கணக்கக் கண்டா ஓடறவன் அந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்காத.

மெட்ராசுல ஏசி ரூமு, கழுத்துல அட்டைன்னு ஆசையா? உலக வங்கியிலருந்து ஸ்டாண்டர்டு சார்ட்டர்டு, பார்க்லேஸ் வரைக்கும் அங்க பெரிய பெரிய ஆபீசு போட்டிருக்கறாங்க. வெளிநாட்டுக் கணக்கு வழக்க இங்க ஒக்காந்து சரி பாக்கற சோலி. அதுல கீழ்ப்படிக்கு பி.காம். புள்ளைகளையே எடுக்கறாங்க. ரெண்டு வருசம் அங்க குப்பை கொட்டிப்போட்டு அப்புறம் எம்.பி.ஏ. போனா, பாடம் நடத்தறவரு சொல்றது உனக்குப் புரியும். சம்பாரிச்ச காசும் கையில நாலு இருக்கும். “படிப்பு உட்டுப்போவுமே”ன்னு உங்காயா அழுவும். அதுக்குத்தான் நான் இருக்கறேனே, சமாதானம் பண்ணிக்கறேன்.

இனி அந்தப் பேக்கேஜு. நோட்டீசுல ‘சராசரிச் சம்பளம் 7.6 லட்சம்’னு போட்டிருக்குது, பாத்தயா? கண்ணபுரம் மாட்டுச் சந்தையில தரகருக துண்டுக்குள்ள கையவுட்டு வெரலப் புடிச்சு வெல பேசுவாங்களே, வெளிய நிக்கறவனுக்கு மாடு மட்டுந்தான் தெரியும், வெல தெரியாது. இந்தச் சராசரிங்கறதும் அந்தத் துண்டுதான். துண்ட வெலக்கிப் பாரு: பத்துப் பேருல ஒருத்தனுக்கு 40 லட்சம், மீதி ஒம்போது பேருக்கும் நாலு நாலு லட்சம். கூட்டுனா 76, வகுத்தா 7.6. பொய்யே இல்ல! ஆனா அந்த வகுப்புல 7.6 லட்சம் வாங்கறவன் ஒருத்தனும் இல்ல. வரிசையா நிக்க வெச்சு நடுவுல நிக்கறவனுக்கு எத்தனன்னு கேளு, நாலுன்னு வரும். பி.காம்.ல மீடியன்னு படிச்சயே, அதுதான். மூணு வருசம் படிச்சது நோட்டீசு படிக்கறதுக்குக்கூட ஒதவலைன்னா என்னத்துக்கு சாமி?

இன்னம் நாலு கேள்வி கேக்கோணும். மொத்தம் எத்தன பேரு படிச்சாங்க, வேலை கேட்டு நின்னது எத்தன பேரு? கெடைக்காதவியளக் கணக்குலருந்து நைசா எடுத்துப்போட்டாங்களா? சொன்ன சம்பளத்துல கைக்கு வாறது எத்தன, வந்தா வரும்ங்கற போனஸ் எத்தன? கெடைச்ச வேலை பைனான்ஸா, இல்ல டை கட்டிக்கிட்டு ஊடு ஊடாப் போயி இன்சூரன்ஸ் விக்கறதா? ‘ரிலேஷன்ஷிப் மேனேஜர்’னு போட்டிருப்பாங்க, சொந்தக்காரங்களுக்கெல்லாம் பாலிசி போட்டு முடிச்சதும் ரிலேஷனும் போயிரும், ஷிப்பும் போயிரும். விக்கறது கேவலமில்ல கண்ணு, நானும் வித்தவந்தான். அதுக்கு ஆசப்பட்டுப் போறது வேற, தெரியாமப் போயி மாட்டறது வேற. கடைசியா, அந்த வேலைவாய்ப்புக் கணக்க வெளியாளு ஆராச்சும் தணிக்கை பண்ணியிருக்கறாங்களான்னு கேளு. ஐ.ஐ.எம். அகமதாபாத்தெல்லாம் தணிக்கை பண்ணித்தான் வெளியிடறாங்க. ஊரான் கணக்கத் தணிக்கை பண்ணச் சொல்லிக் கொடுக்கற காலேசு தன்ற கணக்கக் காட்ட மாட்டேன்னா எப்பிடி?

லண்டன் நோட்டீசும் ஒண்ணு வெச்சிருக்கறயே. ஒரே வருசத்துல எம்.எஸ்சி. பைனான்ஸு, வெசயா முடிஞ்சிரும். முடிச்ச பொறவு தங்கி வேலை தேட ரெண்டு வருசம் உட்டாங்க. 2027 ஜனவரிலருந்து விண்ணப்பிக்கறவியளுக்கு அத 18 மாசமாக் கொறைக்கறாங்க. அமெரிக்காவுல இன்னொரு சூச்சமம். பேரு பாத்தா ரெண்டும் பைனான்ஸுதான். ஆனா ஒரு படிப்புக்கு, அறிவியல், தொழில்நுட்பம், கணக்கு சேந்த படிப்புன்னு காட்டற ‘ஸ்டெம்’ கோடு இருக்கும், இன்னொண்ணுக்கு இருக்காது. கோடு இருந்தா படிச்ச பொறவு வேலை பாக்க மூணு வருசம் வரைக்கும் கெடைக்கும். இல்லாட்டி ஒரு வருசந்தான். நீயி அந்த ஊரு பனி பேயற போட்டோவப் பாத்தயே தவுர, கோடப் பாத்தயா?

இப்பத்தான் நெசமான பைனான்ஸு. காயிதம் எடு. கல்விக் கடன் 10 லட்சம், 10 சதவீதம் வட்டி, ஏழு வருசக் கெடு. மாசத் தவணை 16,600 ரூவா வருது. மொத்தம் கட்டறது 13.94 லட்சம். படிக்கற காலத்துல ஏறற வட்டி தனி, அதச் சேக்கல. வேலைக்குப் போயிருந்தா மாசம் 20 ஆயிரம் வாங்கியிருப்பியல்ல, ரெண்டு வருசத்துக்கு 4.8 லட்சம் உட்டுப்போச்சு, அதையும் எழுதிக்கோ. படிச்சு வந்து கைக்கு 30 ஆயிரம் வாங்கறேன்னு வெய்யி, பாதிக்கு மேல தவணைக்கே போயிரும். மிச்சத்துல மெட்ராசு வாடகை, சாப்பாடு, அப்புறம் என்ற பொங்கலுக்கு வேட்டி.

கடன் கேட்டுப் பேங்க்குக்குப் போறப்போ ஒண்ணக் கவனி. ஏழரை லட்சத்துக்கு மேல போனா வழக்கமா ஈடு கேப்பாங்க. உங்கய்யன் பத்திரம் பொட்டியிலருந்து வெளிய வரோணும். ஆனா சில காலேசுப் பேரச் சொன்னா ஈடே கேக்காமக் கொடுத்துருவாங்க. ஸ்டேட் பேங்க்குல ஸ்காலர் லோன்னு ஒண்ணு இருக்குது, அதுக்குக் காலேசுகளத் தரம் பிரிச்சுப் பட்டியலே போட்டு வெச்சிருக்கறாங்க. பத்திரிகைக்காரன் போடற ரேங்க்கத் தூக்கிப் போடு. தன்ற பணத்தக் கொடுக்கறவன் எந்தக் காலேச நம்பறான், எதுக்கு உன்ற தோட்டத்த எழுதி வாங்கறான்னு பாரு. அம்பது வருசமா வட்டிக்குக் கொடுத்து வாங்குனவன் சொல்றேன், கொடுக்கறவன் கண்ணுதான் கண்ணு.

நம்ம கரூர்லயே பாடம் இருக்குது. 1926ல இங்க ஆரம்பிச்ச லட்சுமி விலாஸ் பேங்க்க 2020 நவம்பர்ல டி.பி.எஸ். பேங்க்கோட இணைச்சாங்க. டெபாசிட் போட்டவியளுக்கு ஒரு பைசா போகல. 318 கோடி ரூவா பாண்டு வெச்சிருந்தவியளுக்குப் பூச்சியம். பங்கு வெச்சிருந்தவியளுக்கும் பூச்சியம். பணம் போட்ட எடம் ஒண்ணுதான். ஆனா வரிசையில ஆரு முன்னால நிக்கறா, ஆரு பின்னால நிக்கறாங்கறதுலதான் எல்லாமே. உன்ற படிப்புலயும் அந்த வரிசை இருக்குது. காலேசுக்காரன் முன்பணமாவே வாங்கிக்கறான். பேங்க்குக்காரன் மாசா மாசம் எடுத்துக்கறான். எல்லாரும் எடுத்த பொறவு மிச்சம் இருந்தா எடுத்துக்கறவன் நீயி. வரிசையில கடைசி ஆளுதான் எல்லாரையும்விட எச்சாக் கணக்குப் பாக்கோணும். நீயி என்னடான்னா கேண்டீன் எப்பிடி, ஹாஸ்டல்ல ஏசி உண்டான்னு கேக்கறே.

நோட்டீச ஓரமா வெச்சுப்போட்டு ஒண்ணு பண்ணு. கரூர் வைசியா பேங்க்கு ஆண்டறிக்கை இண்டர்நெட்டுல சும்மா கெடைக்குது. எடுத்துப் படி. வாராக் கடன் எத்தன, அதுக்கு ஒதுக்குனது எத்தன, டெபாசிட்டு எங்கிருந்து வருது, கடைசிப் பக்கத்துக் குட்டி எழுத்துல என்ன சொல்லியிருக்கறாங்கன்னு பாரு. படிக்கப் படிக்க ‘அப்பிடியா சங்கதி’ன்னு தோணுச்சுன்னா இந்தத் தொழில் உனக்குத்தான், தைரியமாப் போ. நாலாம் பக்கத்துலயே கொறட்டை வந்துதுன்னா பீசு மிச்சம்.

அத்தனையும் பாத்துப்போட்டு, இந்த வேலைக்கு இந்தப் படிப்பு, இத்தன செலவு, இத்தன வருசத்துல திரும்பும்னு ஒரே பக்கத்துல எழுதிக் கொண்டா. பாதிப் பணம் நான் தாறேன். சும்மா இல்ல; புரோநோட்டு எழுதிக்கிட்டுத்தான். வட்டி எத்தன போடலாம்னு நீயே சொல்லோணும். “அப்பாருக்கு எதுக்குங் வட்டி”ன்னு கேட்டீன்னா நீயி நல்ல பேரன், பணமும் கெடைக்கும், ஆனா தயவு பண்ணி வேற படிப்புப் பாரு. ஈடு இல்லாத கடன், படிப்பு முடிச்சாத்தான் தவணை, வேலை கெடைக்குமோ கெடைக்காதோன்னு அத்தனையும் கணக்குல வெச்சு, பேங்க்கு வட்டிக்கு மேல ரெண்டு எச்சாச் சொன்னீன்னா, எந்தக் காலேசுன்னு கேக்க மாட்டேன், கையெழுத்துப் போட்டுருவேன்.