சம்பந்தி வருகிறார், சட்டியை ஏற்று!

கேள்வி: வீரபாண்டி சித்திரைத் திருவிழாவுக்கு மதுரையிலிருந்து சம்பந்தி வீட்டார் வருகிறார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் ‘ஸ்டைலா ஸ்டார்ட்டர் வைக்கணும்’ என்கிறாள் மருமகள். என்ன வைக்கலாம்?
– வாசகி ஒருவர், வீரபாண்டி

பதில்: சோறு வேக நேரமானால் முறுக்குத் தட்டை நீட்டிச் சமாளிப்பது நம் வீடுகளில் காலங்காலமாக நடப்பதுதான். மருமகள் அதற்குக் கொஞ்சம் கோட்டு சூட்டு மாட்டச் சொல்கிறாள், அவ்வளவே.

முதல் விதி: ஒரே வாயில் போகிற அளவு. வாழைப்பூவை நரம்பு நீக்கி, நறுக்கி மோரில் போடுங்கள், கறுக்காது. ஊறிய கடலைப்பருப்பைக் கரகரப்பாக அரைத்து அதோடு பிசைந்து, பத்து ரூபாய் நாணயம் போலத் தட்டுங்கள். விருந்தினர் செருப்பைக் கழற்றும்போது எண்ணெயில் போட்டால் போதும். ஆறிய வடைக்கு எந்த வெள்ளித் தட்டும் அழகு சேர்க்காது.

இரண்டாவது: குளிரவைத்த கம்பம் பன்னீர் திராட்சை. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பிரமுகர், அலங்காரம் வேண்டாம். விதை துப்பக் கிண்ணம் மட்டும் வையுங்கள், இல்லாவிட்டால் சம்பந்தி கௌரவத்துக்காக விழுங்கிவிடுவார்!

சித்திரை வெயிலுக்குச் சின்னத் தம்ளரில் பானகம். போடி ஏலக்காய் தட்டிப் போட்டது.

ஆளுக்கு நாலைந்து வடை போதும். பசியைக் கிளப்பத்தான் இது, தீர்க்க அல்ல. அதற்கு மேல் கேட்டால் தாராளமாகக் கொடுங்கள். கறிக்குழம்பு உங்களுக்கு மிச்சம்!