ஓமப்பொடிப் பரீட்சை

இங்கிலாந்துக்காரர்கள் மேல் எனக்குப் பெரிய மனத்தாங்கல் எதுவும் கிடையாது. வரிசையில் நிற்கிறார்கள். ரயிலில் தெரியாமல் காலை மிதித்துவிட்டால் மிதிபட்டவரே நம்மிடம் மன்னிப்புக் கேட்கிறார். ஆனால் வீட்டுக்குள் கம்பளம் விரிக்கிற விஷயத்தில் மட்டும் அவர்களுக்கு என்னவோ ஆகிவிடுகிறது. நம்மூரில் ஜமக்காளத்தை விசேஷத்துக்கு விரிப்போம். முடிந்ததும் மொட்டைமாடிக்குக் கொண்டுபோய், இரண்டு பேர் நின்று நாலு முனையையும் பிடித்து உதறுவோம். இங்கே அதைச் சுவருக்குச் சுவர் அளந்து வெட்டி, ஓரங்களில் ஆணிப்பட்டை வைத்து அடித்தே விடுகிறார்கள். கூடத்தில் கம்பளம், படுக்கையறையில் கம்பளம், மாடிப்படியில் கம்பளம். பழைய வீடுகள் சிலவற்றில் குளியலறையிலேயே பார்த்திருக்கிறேன். அதைப் பற்றி அதிகம் யோசிக்காமல் இருப்பது உடம்புக்கு நல்லது.

லண்டன் ஹாரோவில் நாங்கள் குடியிருப்பது ஒரு மாடி ஃப்ளாட். கம்பளம் வீட்டுக்காரர் போட்டது. நிறம் வெளிர் சந்தனம். வாழ்நாளில் ரசம் என்ற பொருளைச் சந்திக்காத ஒருவரால்தான் இந்த நிறத்தைத் தேர்ந்தெடுக்க முடியும்.

மதுரையிலிருந்து மாமியார் வந்து இறங்கியதும் முதலில் விசாரித்தது இந்தக் கம்பளத்தைத்தான்.

"இதை எப்ப மாப்பிள்ளை கழுவி விடுவீங்க?"

"கழுவ முடியாது அத்தை."

"எடுத்து உதறவாவது முடியுமா?"

"ஆணி அடிச்சிருக்கு."

கம்பளத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஜாதகம் பார்த்த ஜோசியர் இதையெல்லாம் ஏன் சொல்லவில்லை என்பது அந்தப் பார்வையின் பொழிப்புரை.

வீட்டில் வாக்வம் கிளீனர் இல்லாமல் இல்லை. அலமாரியின் அடித்தளத்தில், இஸ்திரிப் பலகைக்கும் ஊருக்குப் போகும் பெட்டிகளுக்கும் பின்னால் வசிக்கிறது. அதை வெளியே எடுக்கப் பெட்டிகளை நகர்த்த வேண்டும். வயரைப் பிரிக்க வேண்டும். சோபாவுக்குப் பின்னால் கையை விட்டு பிளக் பாயிண்ட்டைத் துழாவ வேண்டும். போட்டதும் விமானம் கிளம்புகிற சத்தம். கீழ்வீட்டுப் பெரியவர் மறுநாள் படியில் பார்க்கும்போது, "நேற்று இரவு வேலை நிறையப் போலிருக்கிறதே?" என்று மிகுந்த கனிவோடு கேட்பார். இந்த ஊரில் அதற்குப் பெயர் சண்டை. ஆகவே வாக்வம் சனிக்கிழமைக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டோம். ஆனால் ஓமப்பொடி சனிக்கிழமை பார்த்தா சிந்துகிறது?

வாக்வம் கிளீனர் பிறக்கும்போதே இப்படி ஆர்ப்பாட்டமாகப் பிறந்ததுதான். 1901-இல் ஹூபர்ட் சிசில் பூத் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் அதைச் செய்தார். அதற்கு முன் தூசியை ஊதித் தள்ளும் இயந்திரம் ஒன்றை அவர் பார்த்திருக்கிறார். ஊதுவதற்குப் பதில் உறிஞ்சினால் என்ன என்று தோன்ற, ஓர் உணவகத்து நாற்காலியில் கைக்குட்டையை விரித்து வாயாலேயே உறிஞ்சிப் பார்த்து, மூச்சுத் திணறி, தத்துவம் சரிதான் என்று முடிவு கட்டினாராம். அவருடைய இயந்திரம் வீட்டுக்குள் நுழையாது. குதிரை வண்டியில் வந்து தெருவில் நிற்கும்; ஜன்னல் வழியாக நீளக் குழாய்களை உள்ளே விடுவார்கள். 1902-இல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் கம்பளங்களைச் சுத்தம் செய்தது அதுதான். ராஜா முடிசூடும் இடத்துக்கு அது சரி. எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேஜையடியில் கிடக்கும் நாலு கடுகுக்கு அது அதிகம்.

பூத்துக்குக் கால் நூற்றாண்டு முன்பே, சத்தம் போடாமல் ஒருவர் வேலையை முடித்திருந்தார். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து கிராண்ட் ராப்பிட்ஸ் ஊரில் மெல்வில் பிஸ்ஸல், அன்னா பிஸ்ஸல் தம்பதி பீங்கான் கடை வைத்திருந்தார்கள். பீங்கான் வந்த பெட்டிகளிலிருந்து மரத்தூள் கொட்டிக் கம்பளத்தில் புகுந்துகொண்டது, துடைப்பத்துக்கு மசியவில்லை. 1876-இல் மெல்வில் காப்புரிமை வாங்கிய கருவிதான் கார்பெட் சுவீப்பர். மோட்டார் இல்லை, வயர் இல்லை. தட்டையான ஒரு பெட்டி, அதற்கு நீளக் கைப்பிடி. தள்ளினால் சக்கரம் உருளும். சக்கரம் உரசி உள்ளே இருக்கும் உருளை பிரஷ் சுழலும். பிரஷ் குப்பையை வாரி முன்னும் பின்னும் இருக்கும் தட்டுகளில் போடும். அதற்கு முன்பு இந்த லண்டன் வீடுகளில் பணிப்பெண்கள் ஈரத் தேயிலைச் சக்கையைக் கம்பளத்தில் தூவி, தூசியை அடக்கிப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். வாசலில் தண்ணீர் தெளித்துவிட்டுப் பெருக்குகிற நமக்கு அந்தச் சூட்சுமம் உடனே புரியும்.

மெல்வில் 1889-இல் இறந்துபோனார். கம்பெனியை அன்னா ஏற்று நடத்தினார். அமெரிக்காவில் பெரிய தொழில் நிறுவனம் ஒன்றுக்குத் தலைமை தாங்கிய முதல் பெண்களில் ஒருவர் அவர். மாமியாரிடம் இதைச் சொன்னேன்.

"பொம்பளை நடத்தின கம்பெனியா? அப்ப வேலை செய்யும். வாங்கிட்டு வாங்க."

இப்படித்தான் நான் கடைக்குப் போனேன்.

கடையில் சுவீப்பர்கள் ஒரு மூலையில், வாக்வம் கிளீனர்களின் ஏழைச் சொந்தக்காரர்கள் மாதிரி ஒதுங்கி நின்றன. விற்பனையாளர் உற்சாகமான இளைஞர். ஒரு காகிதத்தைக் கிழித்துக் கம்பளத்தில் தூவி, ஒன்றைத் தள்ளிக் காட்டினார். காகிதம் போன இடம் தெரியவில்லை. அசந்துதான் போனேன். ஆனால் காகிதம் யார் வீட்டில் சிந்துகிறது? நான் சட்டைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்து, "இதை முயற்சி செய்யலாமா?" என்று கேட்டேன்.

அவர் எட்டிப் பார்த்தார். "சேவ்!" என்றார். குஜராத்தி. ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, ஓமம் நன்றாக இருக்கிறது என்று சான்றிதழ் கொடுத்தார். அதன் பிறகு அவர் விற்பனையாளராக நடந்துகொள்ளவில்லை. கம்பளத்தில் சேவ் சிந்துகிற ஒரு வீட்டின் பிள்ளையாக நின்றார். வரிசையாக எல்லாவற்றையும் எடுத்துப் பரீட்சை வைத்தோம்.

ஓமப்பொடி சாதாரண எதிரி இல்லை. மெல்லியது, உடையக்கூடியது, கம்பள இழைக்குள் செங்குத்தாக இறங்கி நிற்கும். பிரஷ் முடி விறைப்பாக இருந்த ஒரு சுவீப்பர் அதை வாருவதற்குப் பதில் மாவாக அரைத்துப் பரப்பியது. திரும்பவும் பிசைந்து பிழியலாம் போலிருந்தது. எடை மிகக் குறைந்த இன்னொன்றில் சக்கரத்துக்குப் பிடிமானமே இல்லை. சக்கரம் உருளாமல் சறுக்கினால் பிரஷ் சுழலாது; பிரஷ் சுழலாவிட்டால் நாம் ஒரு பெட்டியைக் காற்றாட நடத்திக்கொண்டு போகிறோம், அவ்வளவுதான். கொஞ்சம் கனம் இருக்க வேண்டும். அதற்காக அழுத்தித் தேய்க்கவும் கூடாது. நம் ஆட்களுக்கு அழுத்தினால்தான் அழுக்குப் போகும் என்று ஓர் எண்ணம். இதில் அழுத்தினால் பிரஷ் கம்பளத்தில் மாட்டிக்கொண்டு நின்றுவிடும். சும்மா விட்டால் தானாக வாரும்.

பேட்டரியில் ஓடும் ரகமும் இருக்கிறது. அதை நான் தொடவே இல்லை. எங்கள் வீட்டு பிளக் பாயிண்ட்டுகளில் ஏற்கெனவே போன்களுக்குள் எல்லைத் தகராறு.

கைப்பிடியை மூன்று நாலு குழாய்களாகப் பிரித்து அட்டைப் பெட்டியில் வைத்திருப்பார்கள். திருகி மாட்டிய இடம் ஆடுகிறதா என்று கடையிலேயே பார்த்துவிட வேண்டும். அங்கே லேசாக ஆடுவது வீட்டுக்கு வந்ததும் கழன்று கையோடு வரும். சோபாவுக்கு அடியில் நுழைகிற உயரமா என்றும் பாருங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் சோபாவின் அடிப்பகுதி தனி மாவட்டம். மூலைக்கு ஒரு சின்ன பிரஷ் வைத்த ரகம் சுவரோரத்துக்குக் கொஞ்சம் உதவும், அதையும் முழுதாக நம்ப வேண்டாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, கடையில் யாரும் காட்டாதது, குப்பையைக் கொட்டும் வழி. பெட்டியின் அகலம் ஒன்றாகவும் குப்பைத்தொட்டி வாயின் அகலம் வேறாகவும் இருப்பது உலக வழக்கம். விசையை அழுத்தினால் தட்டுகள் இரண்டும் ஒருசேரத் திறந்து, வாரியது பாதி தொட்டியிலும் பாதி மறுபடி தரையிலும் விழும். கீழே ஒரு பழைய பேப்பரை விரித்துத் திறந்து, அப்படியே மடித்துப் போடுவதுதான் வழி. தட்டு ஒவ்வொன்றாகத் திறக்கும் ரகம் கிடைத்தால் விடாதீர்கள். நான் வாங்கியது அந்த ரகம். முப்பது பவுண்டுக்குள் முடிந்தது. பொட்டலத்தில் மிஞ்சியதை அந்த இளைஞருக்கே கொடுத்துவிட்டு வந்தேன்.

மாமியாருக்கு முதலில் பிடிக்கவில்லை. "குனியாம பெருக்கினா அது பெருக்கினதா?" என்றார். நின்றுகொண்டே வேலை செய்தால் அந்த வேலையில் பக்தி இல்லை என்பது அவருடைய சித்தாந்தம். ஆனாலும் மறுநாள் நாங்கள் ஆபீஸ் போன நேரத்தில் வீடு முழுவதும் தள்ளிப் பார்த்திருக்கிறார் என்பது கம்பளத்தில் விழுந்திருந்த கோடுகளிலிருந்து தெரிந்தது.

உண்மையான சிக்கல் டிசம்பரில் வந்தது. விளக்கு வைத்த பிறகு வீடு பெருக்கக் கூடாது. பெருக்கினால் லட்சுமி போய்விடுவாள். மதுரையில் ஆறு மணிக்கு விளக்கு வைக்கிறவர்களுக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. லண்டனில் டிசம்பர் மாதம் மாலை நாலு மணிக்கு முன்பே சூரியன் விழுந்துவிடுகிறது. மாமியாரும் நேரத்தோடு விளக்கேற்றிவிடுகிறார். பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்து சிந்துவதும், நாங்கள் ஆபீஸ் விட்டு வந்து சிந்துவதும் அதற்குப் பிறகுதான். சாஸ்திரப்படி பார்த்தால் குளிர்காலம் முழுவதும் குப்பையில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

என் மனைவி மெதுவாக விஷயத்தை எடுத்தாள். "ஏம்மா, இது துடைப்பம் இல்லையே, வண்டிதானே?"

மாமியார் காபியை ஆற்றியபடி யோசித்தார். பிறகு சுவீப்பரைக் கொண்டுவரச் சொல்லி, புரட்டிப் போட்டு, தட்டைத் திறந்து மூடிப் பார்த்தார். தீர்ப்பு இப்படி வந்தது: "துடைப்பத்துல பெருக்கினா குப்பையை வாசலைப் பார்க்கத் தள்ளுறோம். அதோட லட்சுமியும் போயிருவா. இதுல எல்லாம் பெட்டிக்குள்ள, வீட்டுக்குள்ளேயேதான இருக்கு? ராத்திரி தாராளமாத் தள்ளலாம். ஆனா பெட்டியை விடிஞ்சப்புறம்தான் கொட்டணும்."

எத்தனையோ நீதிபதிகளின் தீர்ப்புகளைப் பேப்பரில் படித்திருக்கிறேன். கருவியை வரவழைத்துப் பார்வையிட்டு, காரணமும் சொல்லி, நிபந்தனையும் விதித்த தீர்ப்பு இது ஒன்றுதான். அன்றிலிருந்து மேல்முறையீடு இல்லை.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். விபூதி சிந்தினால் இதனிடம் போகாதீர்கள். அவ்வளவு நுண்ணிய பொடியை இது வாராது, தேய்த்து இழைக்குள் இறக்கிவிடும். அதற்குச் சனிக்கிழமையும் வாக்வமும்தான். சோற்றுப் பருக்கை காயும்வரை பொறுத்திருக்க வேண்டும். ஈரத்தோடு ஓட்டினால் பிரஷ் முழுக்கப் பொங்கல். நீளத் தலைமுடி உருளையில் சுற்றிக்கொள்ளும். அவ்வப்போது கத்தரியை வைத்து நறுக்கி எடுக்க வேண்டும், அந்த நேரத்தில் அது யாருடைய முடி என்று பேச்சை எடுக்காமலிருப்பது குடும்பத்துக்கு நல்லது. புசுபுசுவென்று இழை நீண்ட கம்பளத்தில் சக்கரம் புதைந்துபோகும், அங்கே இது உதவாது. குஞ்சம் வைத்த விரிப்பின் ஓரத்துக்கும் போகக் கூடாது, குஞ்சத்தைச் சுருட்டி இழுத்துவிடும்.

மற்றபடி, இழை குட்டையான கம்பளத்தில் அன்றாடம் சிந்துவதை அன்றாடமே எடுக்க இதைவிடச் சுலபமானது எதையும் நான் பார்க்கவில்லை. உணவகங்களில் வாடிக்கையாளர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே பக்கத்து மேஜையடியில் சத்தமில்லாமல் இதை ஓட்டுகிறார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். யார் சுத்தம் செய்வது என்ற விவாதம் சூடு பிடிப்பதற்குள் கதவோரம் நிற்பதை எடுத்து யாராவது தள்ளி முடித்துவிடுகிறார்கள்.

சென்னையில் என் அண்ணன் போனில் கேட்டுவிட்டு, வரும்போது தனக்கும் ஒன்று வேண்டும் என்கிறார். அவர் வீடு முழுக்க டைல்ஸ். டைல்ஸுக்குப் பூந்துடைப்பம் போதும். கம்பளம் இல்லாதவர்கள் இதற்குக் காசு போட வேண்டாம், விமானத்தில் என்னைச் சுமக்க வைக்கவும் வேண்டாம். ஹாரோ பக்கம் வருகிற பெண்களுக்கு ஒரு வேண்டுகோள்: எங்கள் வீட்டில் முறுக்கு, மிக்சர், ஓமப்பொடி எதை வேண்டுமானாலும் தாராளமாகச் சிந்துங்கள். ஸ்டிக்கர் பொட்டை மட்டும் கழற்றிக் கம்பளத்தில் விட்டுவிடாதீர்கள். அதை எடுக்க எந்தக் கடையிலும் இயந்திரம் இல்லை.