இரண்டாண்டு நாற்காலி

கேள்வி: போலீஸ் அதிகாரிகளைப் பந்தாடுவதைச் சட்டம் போட்டுத் தடுக்க முடியாதா?

பதில்: போட்டாயிற்றே! போலீஸ் சீர்திருத்தம் கோரிய பிரகாஷ் சிங் வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம், டி.எஸ்.பி. வரையிலான அதிகாரிகளின் இடமாற்றங்களை டி.ஜி.பி.யும் நான்கு மூத்த அதிகாரிகளும் கொண்ட வாரியமே முடிவு செய்யட்டும் என்றது. ஸ்டேஷன் பொறுப்பாளருக்கும் எஸ்.பி.க்கும் குறைந்தது 2 ஆண்டுகள் பதவிக்காலம் என்றும் சொன்னது. ஏழு ஆண்டு நிதானமாக யோசித்து, 2013-ல் தமிழ்நாடும் சட்டம் இயற்றியது. ஆனால் பல மாநிலச் சட்டங்களில் ‘நிர்வாகக் காரணம்’ என்றொரு புழக்கடைக் கதவு உண்டு, வாசலைவிட அகலம்! ‘மக்கள் தேர்ந்தெடுத்த அரசுக்குப் பிடி வேண்டாமா?’ என்பார்கள். வேண்டும்தான். அரசு தலையிடுவதை நீதிமன்றமும் அடியோடு மறுக்கவில்லை. விதிவிலக்காக, காரணத்தை எழுதிவைத்துச் செய்யச் சொன்னது. நியாயமான காரணம் இருப்பவருக்கு எழுத என்ன தயக்கம்? உங்கள் ஊர் இன்ஸ்பெக்டர் ஆறே மாதத்தில் மாறினால், அந்தக் காரணத்தைக் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டுப் பாருங்கள்.