புரூனோவுக்குப் பிடிக்காது

செம்பூர்ச் சித்தப்பா இந்த வருஷமும் கோயில் கொடைக்குக் காரில்தான் ஊருக்குப் போகிறார். புரூனோவுக்கு ரயில் பிடிக்காதாம். விமானமும் பிடிக்காதாம். கலம்போலியில் எக்ஸ்பிரஸ்வே ஏறியதும் பாட்டை நிறுத்தச் சொல்வது புரூனோ. சித்தி ஆசையாகப் போட்ட பழைய பாட்டு அவனுக்கு ஒத்துக்கொள்ளாது. கோலாப்பூரில் சித்தியின் தங்கை வீடு இருக்கிறது. அங்கே இறங்க முடியாது, ஏனென்றால் புது இடத்தில் புரூனோ மிரளுவான். ஹூப்ளியில் சித்தப்பாவின் பழைய ஆபீஸ் நண்பர் வீட்டில் ராத்தங்கலாம்; அது எந்தக் காரணத்தாலோ புது இடம் என்ற கணக்கில் வராது. மதியத்துக்குள் பெங்களூரைத் தாண்டிவிட வேண்டும் என்று எல்லோரையும் மூன்று மணிக்கு உசுப்புவதும் அவன்தான். மும்பையிலிருந்து திருநெல்வேலிக்குச் சுமார் 1,600 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்தில் சித்தப்பா சொந்தமாக ஒரு முடிவுகூட எடுப்பதில்லை.

அவர் நாய்ப் பிரியர் என்று உறவுக்காரர்கள் சொல்லிக்கொள்கிறார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. பிரியம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முப்பது வருஷமாகச் சொல்ல நினைத்துச் சொல்ல முடியாமல் போனதையெல்லாம் சொல்வதற்கு அவருக்கு ஒரு வாய் தேவைப்பட்டது. அது நாலு காலோடு கிடைத்துவிட்டது. ஊர் வீட்டில் ஏசி உள்ள அறை ஒன்றே ஒன்று, அது ஆச்சியின் அறை. "எனக்கு வேர்க்குது, ஆச்சியை வெளியே படுக்கச் சொல்லுங்க" என்று எந்த மகனாவது கேட்பானா? "புரூனோவுக்கு வெக்கை தாங்காது மதினி" என்றால் ஆச்சியே பாயைச் சுருட்டிக்கொண்டு திண்ணைக்கு வந்துவிடுகிறாள். துட்டி கேட்கப் போகவேண்டிய வீடுகள் நாலு இருக்கும். புரூனோவைத் தனியே விட முடியாது. மாமனார் வீட்டில் மதியச் சாப்பாட்டுக்கு மேல் தங்க முடியாது. அங்கே புரூனோவுக்கு நிழல் போதாது. கருவாடு பொரிக்கும் வாசனைகூடப் புரூனோவுக்கு ஆகாது என்கிறார். வீட்டில் கருவாட்டை முகர்ந்து வாலாட்டுகிற ஒரே ஜீவன் அவன் என்பதை எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். உச்சகட்டம் கொடையன்று. மேளமும் வேட்டும் அவனுக்கு ஆகாது என்று, எதற்காக 1,600 கிலோமீட்டர் வந்தாரோ அந்தக் கொடை நடக்கும்போது சித்தப்பா கதவைச் சாத்திக்கொண்டு ஏசியில் தூங்குகிறார். கணக்கு வாசிக்கிற கூட்டத்துக்கு முதல் நாளே புரூனோவுக்கு மும்பை ஞாபகம் வந்துவிடும்.

அவர் தரப்பில் நியாயமே இல்லையா என்றால், இருக்கிறது. நாயை ரயிலில் கூட்டிப்போக விதி இடம் தருகிறது. ஆனால் முதல் வகுப்பு ஏசியில் கூப்பே முழுவதையும் நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். அது கிடைத்ததா என்பது சார்ட் போட்ட பிறகுதான் தெரியும். இல்லையென்றால் கார்டு பெட்டியில் இருக்கும் நாய்க் கூண்டு. அதில் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் எந்த நாயையும் அடைத்து வைக்க நான் சொல்ல மாட்டேன். வெங்காயமும் உலர்திராட்சையும் நாய்க்கு விஷம் என்பதும் உண்மை. சாம்பார் சாதத்தையும் பாயசத்தையும் பாசத்தோடு வைக்க வரும் அத்தைகளை அவர் விரட்டுவது சரிதான். மே மாதத்தை விட்டுத் தீபாவளிக்குப் போகலாமே என்றால் அங்கே வெடி. இத்தனையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வெங்காயம் ஆகாது என்பது மிருக வைத்தியர் சொன்னது. மாமனார் ஆகாது என்று எந்த வைத்தியர் சொன்னார்?

மடக்கினால் மகாபாரதத்துக்குத் தாவுவார். தர்மபுத்திரரே நாயை விட்டுவிட்டுச் சொர்க்கத்துக்கு வர மாட்டேன் என்றாரே என்பார். சொன்னார்தான். ஆனால் அவர் நடந்து போனார். வழியில் தம்பிகளும் திரௌபதியும் விழுந்து முடிந்த பிறகு, அறையைக் காலி செய்து கொடுக்க ஒரு சொந்தக்காரரும் மிச்சமில்லை. நாய்க்கு உள்ளே இடம் கேட்டாரே தவிர, சொர்க்கத்தில் கருவாடு பொரிக்கக் கூடாது என்று நாயின் பெயரால் நிபந்தனை போடவில்லை.

இதைச் சொல்லும்போதே அவருக்காக ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. வரப்புத் தகராறில் அண்ணனும் தம்பியும் முகம் கொடுத்துப் பேசி வெகு காலமாகிறது. இப்போது பேசுகிறார்கள், புரூனோ மூலமாக. "என்னலே புரூனோ, ஒங்கப்பன் மெலிஞ்சு போயிட்டான்?" என்று பெரியப்பா நாயின் தலையைத் தடவிக்கொண்டு கேட்பார். "சுகர்னு சொல்லுடா பெரியப்பாகிட்ட" என்று சித்தப்பா காலண்டரைப் பார்த்தபடி பதில் சொல்வார். சொந்தக்காரர்கள் சமரசம் பேசி முடியாததை ஒரு லேப்ரடார் பாதியாவது முடித்திருக்கிறது. அதற்காக ஏசி அறையைக்கூடக் கொடுக்கலாம்.

கொடுக்க முடியாத மன்னிப்பு ஒன்று இருக்கிறது. கிருஷ்ணகிரி தாண்டி நல்ல ஹோட்டலாகப் பார்த்து நிறுத்துவார். நாயை உள்ளே விட மாட்டார்கள். ஜன்னலை ஒரு விரற்கடை இறக்கிவிட்டுக் காரைப் பூட்டிவிட்டு, இலை போட்டு, ரசம் மோர் வரைக்கும் சாப்பிடுவார். வழி நெடுக எல்லாவற்றையும் பற்றிக் கருத்துச் சொன்ன புரூனோவிடம் அந்த அரைமணி நேரத்தைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். கத்திரி வெயிலில் நிற்கும் கார் சில நிமிஷத்தில் அடுப்பாகிவிடும், ஜன்னல் இடுக்கு அதற்குப் பரிகாரம் இல்லை. குளிர்நாட்டு இனம் வேறு. வெயில் ஊர் இனம் வேண்டுமென்றால், போகிற வழியில் விருதுநகர் மாவட்டம் வருகிறது. ராஜபாளையம், சிப்பிப்பாறை என்று ஊர்ப் பெயரையே இனப் பெயராகக் கொண்ட நாய்கள் அங்கத்தியவை. ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் தபால்தலையே போட்டார்கள். அவற்றையும் பூட்டிய காரில் விடக் கூடாதுதான். சித்தப்பா, சித்தி காரில் இருக்கட்டும், நீங்கள் சாப்பிட்டு வாருங்கள். பிறகு நீங்கள் இருங்கள், சித்தி சாப்பிடட்டும். இதில் கஷ்டம் ஒன்றும் இல்லை.

ஊரில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த கொடைக்குத் தலைக்கட்டு வரி எழுதும்போது புரூனோவையும் ஒரு தலைக்கட்டாகச் சேர்த்து, அவன் பேருக்கே ரசீது போட்டு நீட்டுங்கள். அவனுக்குப் பிடிக்கிறதா என்று பார்ப்போம்.