ஒன்றும் ஆறும் பதினொன்றும்: அடுக்ககத்து அலைப் பங்கீட்டியல்

அடுக்ககவாசிகளுக்குப் பொதுவான பொருள்கள் நான்கு: மோட்டார் தண்ணீர், கார் நிறுத்தும் இடம், மொட்டைமாடிக் கொடி, வைஃபை அலை. முதல் மூன்றைப் பற்றியும் சங்கத்து மினிட்ஸ் புத்தகத்தில் பக்கம் பக்கமாகத் தீர்மானங்கள் உண்டு. நான்காவதைப் பற்றி ஒரு வரி இல்லை. ‘நெட் ஸ்லோ’ என்று வீட்டுக்கு வீடு கஸ்டமர் கேருக்குப் போன் போட்டுக் கத்துகிறார்களே தவிர, தம்மைக் கெடுப்பவர் பக்கத்து வீட்டார் என்பதும், பக்கத்து வீட்டாரைக் கெடுப்பவர் தாமே என்பதும் இதுகாறும் இக்கட்டடத்தில் எவராலும் ஆராயப்படவில்லை. அக்குறை நீக்க எழுந்தது இந்நூல்.

ஆய்வுக்களம்: தென்சென்னையில், தரைத்தளம் சேர்த்து நான்கு தளம், பன்னிரண்டு வீடு. கருவி: செல்போனில் காசில்லாமல் கிடைக்கும் அனலைசர் செயலி ஒன்று. அதைத் திறந்தால் ஒவ்வொரு வீட்டு ரூட்டரும் ஒரு வண்ணக் குன்றாக எழுந்து நிற்கும். போனை உயர்த்திப் பிடித்தபடி மாடிப்படியில் ஏறி இறங்கும் ஆய்வாளரை வாட்ச்மேன் சந்தேகமாகப் பார்ப்பது இத்துறைக்கே உரிய இடர்.

முதலில் நிலத்தின் இயல்பு. 2.4 கிகாஹெர்ட்ஸ் எனப்படுவது 2,400 முதல் 2,483.5 மெகாஹெர்ட்ஸ் வரை நீளும் துண்டு. அலைவெளியில் இது புறம்போக்கு. மைக்ரோவேவ் அடுப்புகள் முன்பே குடியேறி 2,450-ஐ ஒட்டி இரைந்துகொண்டிருந்த இடம். உரிமமில்லாமல் அங்கே தகவல் அனுப்பலாம் என்று அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 1985-இல் திறந்துவிட்டது. இந்தியாவில் 2005-இல் உரிமம் தேவையில்லை என்றாயிற்று. ஐந்தைந்து மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு கல் நட்டு, 13 மனை என்று லேஅவுட் போட்டார்கள். கட்டும் வீடோ ஒவ்வொன்றும் 20 மெகாஹெர்ட்ஸ் அகலம். விளைவை யாரும் ஊகிக்கலாம். ஆகவே நூற்பா:

ஒன்றும் ஆறும் பதினொன்றும் அல்லன
நின்றவை எல்லாம் நெருங்கிக் கெடுமே.

இதன் பொருள்: 1, 6, 11 ஆகிய சேனல்கள் மட்டுமே ஒன்றையொன்று இடிக்காமல் நிற்கும், இடையில் நிற்பது இரு பக்கமும் இடிக்கும் என்க.

‘ஆறில் ஏற்கெனவே நான்கு வீட்டார் இருக்கிறார்கள். நான்கில் ஒருவருமில்லை. அங்கே போவதன்றோ அறிவு?’ என்னின், அற்றன்று. எஃப்-2 வீட்டார் அப்படித்தான் போனார்கள். ரூட்டர் பேசுமுன் காது கொடுக்கும். அதே சேனலில் இன்னொரு ரூட்டர் பேசுவது கேட்டால் வாயை மூடிக்கொண்டு, கண்ணிமைப்பதற்கும் மிகக் குறைந்த நேரம் காத்திருந்து, தன் முறை வந்ததும் பேசும். வேகம் குறையும், பேச்சு கெடாது. நான்கில் இருப்பவரின் பேச்சோ ஆறில் இருப்பவர்களுக்கு வெறும் இரைச்சல். புரிகிற பேச்சு மைனஸ் 82 டெசிபல்-மில்லிவாட் அளவுக்கு மெலிந்திருந்தாலும் ரூட்டர் வழிவிடும். புரியாத இரைச்சலுக்கு அது வழிவிட வேண்டுமானால் மைனஸ் 62 வேண்டும். அதாவது நூறு மடங்கு வலு. அதற்குக் குறைந்த இரைச்சலை அது சட்டை செய்யாமல் மேலேயே பேசும். பொட்டலம் சிதையும், மறுபடி அனுப்பப்படும், மறுபடி சிதையும். கூட்டத்தில் சேர்ந்து வரிசையில் நிற்பவரால் விளையும் கேட்டைவிட, ஒதுங்கி நிற்பதாக நினைத்துக்கொண்டு நடுவே நிற்பவரால் விளையும் கேடு பெரிது. இதுவே இந்நூலின் துணிபு.

இனி, மூன்று சேனலைப் பன்னிரண்டு வீட்டுக்கு எப்படிப் பங்கிடுவது? எந்த வரைபடத்தையும், அடுத்தடுத்த நாடுகள் ஒரே நிறம் பெறாமல் தீட்ட நான்கு நிறம் போதுமா என்று 1852-இல் பிரான்சிஸ் கத்ரி கேட்டார். போதும் என்று அப்பெலும் ஹாக்கனும் 1976-இல் கணினி துணைகொண்டு நிறுவினார்கள். நம்மிடம் இருப்பது மூன்று நிறம். தவிர, அவர்கள் தீட்டியது தாளில். நமக்கு மேல்வீடும் கீழ்வீடும் உண்டு. முப்பரிமாணத்தில் இத்தனை நிறம் போதும் என்ற வரம்பே கிடையாது. சங்கத்துச் செயலாளரால் இது முடியாமற்போனதில் வியப்பில்லை.

1, 5, 9, 13 என நான்காகப் பிரிக்கலாம் என்பாரும் உளர். சரியாக இருபது மெகாஹெர்ட்ஸ் இடைவெளி. கணக்கு அழகாகவே வரும். கட்டடத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் ஒப்பினால் நடக்கும். ஒரே ஒரு ரூட்டர் ஆறில் அடம்பிடித்தால் 5, 9 இரண்டும் பாழ். அன்றியும், அமெரிக்காவில் வாங்கிய பல லேப்டாப்புகளுக்கு 12, 13 இரண்டும் கண்ணுக்கே தெரியா. விடுமுறைக்கு வரும் மகனுக்கு நெட் கிடைக்காத வீட்டில் எந்தக் கொள்கையும் நிற்காது.

ரூட்டரையே ‘ஆட்டோ’வில் விட்டால் என்ன? பல ரூட்டர்கள் உயிர்பெறும் நேரத்தில்தான் சேனல் தேடுகின்றன. கரண்ட் போய் வந்தால் பன்னிரண்டும் ஒரே நொடியில் கண்விழிக்கின்றன. அண்டை அயல் இன்னும் வாய் திறக்காததால் ‘ஆளே இல்லை’ என்று ஒன்றாகப் போய் ஒரே மனையில் உட்காருவதற்கு வாய்ப்பு மிகுதி. இன்வெர்ட்டர் உள்ளவர் மட்டும் பழைய இடத்திலேயே இருப்பார். ஜி-1 வீட்டார் 40 மெகாஹெர்ட்ஸ் அகலம் வைத்து ஏறக்குறைய பாதி நிலத்தை வளைத்திருப்பது பற்றி விரிவஞ்சி விடுத்தாம்.

ஐந்து கிகாஹெர்ட்ஸில் இடத்துக்குப் பஞ்சமில்லை. இந்தியாவில் 2018-இல் 605 மெகாஹெர்ட்ஸ் திறந்துவிடப்பட்டது. சில சேனல்களில் ராடார் இருக்கிறதா என்று ஒரு நிமிடம் உற்றுக் கேட்டுவிட்டே ரூட்டர் வாய் திறக்க வேண்டும். அந்த மரியாதை இருக்கட்டும். சுவரைத் தாண்டுவதில்தான் அது சோனி. ஹாலில் பீரோவின்மேல் வைத்த ரூட்டரிலிருந்து அடுத்த அறைவரை வரும்; கடைசிப் படுக்கையறையில் பாதி உயிர்.

மேற்கண்டவற்றை ஆராய்ந்து, எந்த வீட்டுக்கு எந்தச் சேனல் என்று பட்டியல் தயாரித்து லிப்ட் பக்கத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினோம். எவரும் மறுக்கவில்லை. எஃப்-2 வீட்டுக்கு மட்டும் 11 என்பதை அடித்து, ‘இங்கே நல்லாத்தான் இருக்கு’ என்று எழுதியிருக்கிறது. அதன் கீழே வேறொரு கையெழுத்தில்: ‘சார், ரூட்டர் பாஸ்வேர்ட் மாட்டிட்டுப் போன பையன்கிட்டதான் இருக்கு. அவன் நம்பர் யார்கிட்டயாவது இருக்கா?’